லேடரை எங்கே நிறுத்துவது?

தில்லியில், ஓக்லாவிலோ நராயணாவிலோ ஒரு பேனல் பட்டறையில் வேலை பார்க்கிறீர்கள், அல்லது சொந்தமாகச் சின்ன ஆட்டோமேஷன் வேலைகளை எடுத்துச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பிஎல்சி வாங்கி, பேனல் கட்டி, லேடரில் நிரல் போட்டு, சைட்டில் ஓட்டிக் காட்டிப் பில் பணம் வாங்குவது வரை உங்களுக்குத் தெரியும். இந்த அத்தியாயம் அதற்கு அடுத்து வரும் சிக்கலைப் பற்றியது. வேலை பெரிதாகும்போது லேடர் படம் காலை வாரிவிடும். எந்த இடத்தில் வாரிவிடும், அதற்கு முன்பே என்ன செய்துவைக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கொஞ்சம் வரலாறு மட்டும். லேடர் என்பது ரிலே சர்க்யூட் படத்தின் நகல். 1968இல் டிக் மோர்லியும் கூட்டாளிகளும் முதல் பிஎல்சிகளில் ஒன்றான மோடிகான் 084ஐ உருவாக்கத் தொடங்கியபோது, அதை ஓட்டப்போகிறவர்கள் கார் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கள். அவர்களுக்குப் புது மொழி கற்றுத்தர நேரமில்லை. அதனால் கையில் இருந்த ரிலே படத்தையே நிரலாக்கினார்கள். அந்தக் காரணம் இன்றும் செல்லும். ரிலேயை வைத்துப் பெரிய வேலை செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது: பழைய தில்லி ரயில் நிலையத்தின் ரூட் ரிலே இன்டர்லாக்கிங் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் அங்கே படத்தை வரைய, சரிபார்க்க, கையெழுத்துப் போட்டு மாற்ற ஒரு சிக்னல் துறையே இருக்கிறது. உங்களிடம் இருப்பது நீங்களும் ஒரு லேப்டாப்பும்தான்.

விலைப்புள்ளி கொடுக்கும் முன் எண்ணுங்கள்

பெரும்பாலோர் இன்புட், அவுட்புட் எண்ணிக்கையைப் பார்த்து வேலையின் அளவை முடிவு செய்கிறார்கள். பிஎல்சி மாடலைத் தேர்ந்தெடுக்க அது போதும். நிரல் எவ்வளவு சிக்கலாகும் என்பதை அது சொல்லாது. 60 அவுட்புட் உள்ள விளக்குப் பலகையை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். 6 அவுட்புட் உள்ள பம்ப் அறை ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

எண்ண வேண்டியவை வேறு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இயந்திரம் எத்தனை நிலைகளில் இருக்க முடியும்? காத்திருக்கிறது, தொடங்குகிறது, ஓடுகிறது, நிற்கிறது, பழுதாகி நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வாடிக்கையாளர் சொல்லும் வாக்கியங்களில் "அதுக்கப்புறம்" என்ற சொல் வரும் இடமெல்லாம் ஒரு நிலை ஒளிந்திருக்கும்.
2. ஒன்று ஓடும்போது மற்றது வரவே கூடாத ஜோடிகள் எத்தனை? எல்லா நிலைகளும் ஒன்றையொன்று தடுக்க வேண்டுமானால் 3 நிலைக்கு 3 ஜோடி, 6 நிலைக்கு 15, 12 நிலைக்கு 66. லேடரில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரு பக்கமும் கான்டாக்ட் வைக்க வேண்டும். நிலைகள் இரட்டிப்பானால் கான்டாக்டுகள் நான்கு மடங்குக்கும் மேலே போகின்றன. படம் கைமீறிப் போவது இந்தக் கணக்கினால்தான்.
3. ஒரே மாதிரியான பகுதி எத்தனை தடவை வருகிறது? 8 வால்வுக்கு ஒரே லாஜிக் என்றால், 8 தடவை நகலெடுத்து முகவரி மாற்றுவீர்கள். ஏதாவது ஒன்றில் ஒரு முகவரி பழையதாகவே நின்றுவிடும்.
4. சராசரி, வரிசைப்படுத்தல், மாட்பஸ் வழியாக வரும் தரவைப் பிரித்தல் போன்ற கணக்கு வேலை உண்டா?
5. இந்த நிரலை உங்களைத் தவிர யார் திறப்பார்கள்? அவர்கள் எதைப் படிப்பார்கள்?

என் அளவுகோல் இது: 5 நிலைக்குள், கணக்கு எதுவும் இல்லாமல் இருந்தால் முழுக்க லேடரிலேயே முடியுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நிலைகள் 5ஐத் தாண்டினாலோ, கணக்கு வந்தாலோ, வரிசை ஓட்டத்தை எழுத்துக்கு, அதாவது ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு, மாற்றுங்கள். இன்டர்லாக் எந்த அளவிலும் லேடரிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே திட்டத்தில் கலப்பதற்கு ஐஇசி 61131-3 தரநிலை 1993இலேயே வழி வைத்துவிட்டது. லேடர், ஃபங்ஷன் பிளாக் படம், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மூன்றையும் ஒரே பிஎல்சிக்குள் வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்தும் முழுவதையும் லேடரில் அடைக்கிறவர்கள்தான் அதிகம். பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்து பார்க்க ஒரு வேலை: துவாரகா சொசைட்டியின் பம்ப் அறை

துவாரகாவில் உள்ள அடுக்குமாடி சொசைட்டிகளுக்கெல்லாம் இது பொருந்தும். ஜல் போர்டு தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில் வந்து சம்ப்பில் விழும். அங்கிருந்து மூன்று பம்புகள் மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். முதல் பேச்சில் வாடிக்கையாளர் கேட்பது மிக எளிது: மேல்தொட்டி குறைந்தால் ஓடணும், நிரம்பினால் நிற்கணும். பத்து ரங்கில் முடித்துவிடலாம்.

பிறகு ஒவ்வொன்றாக வரும். மூன்று பம்பும் சமமாகத் தேய வேண்டும். ஓட்ட நேரம் குறைந்த பம்ப்தான் முதலில் ஓட வேண்டும். ஒன்று ட்ரிப் ஆனால் அடுத்தது தானாக வர வேண்டும். மட்டம் ரொம்ப இறங்கினால் இரண்டு பம்ப். ஜெனரேட்டரில் இருக்கும்போது ஒன்றே ஒன்று. சம்ப் வறண்டால் எல்லாம் நிற்க வேண்டும். கரன்ட் போய் வந்தால் மூன்றும் ஒன்றாகக் கிளம்பக் கூடாது. கடைசியில், தரைத்தளத்தில் குடியிருப்பவர் சத்தம் என்று புகார் சொன்னதால், இரவு 11 முதல் காலை 5 வரை இரண்டாவது பம்ப் கூடாது.

இவ்வளவையும் லேடரில் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? "சம்ப் வறண்டது" என்ற ஒரே கான்டாக்டை ஒவ்வொரு பம்பின் ஒவ்வொரு ரங்கிலும் செருக வேண்டும். ஓட்ட நேரத்தை ஒப்பிட 1-2, 2-3, 1-3 என மூன்று ஒப்பீடுகள். அதில் ஒரு பம்ப் பழுதாக இருந்தால் அதை விட்டுவிட்டு ஒப்பிட இன்னும் சில கிளைகள். திரையில் ஒரே சமயத்தில் நான்கைந்து ரங்தான் தெரியும். பம்ப் 2 ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். லேடர் ஒரு பார்வையில் புரியும் என்பார்கள். ஒரு பார்வைக்குள் அடங்கும் வரை அது உண்மை.

இது சோம்பேறிகளின் புகார் அல்ல. ஆய்வாளர்கள் டி.ஆர்.ஜி. கிரீனும் மரியன் பெட்ரும் 1992இல், படம் வரைந்து நிரல் எழுதும் லேப்வியூவின் படங்களையும் அதே வேலையைச் செய்யும் எழுத்து நிரல்களையும் பழகியவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். படத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது.

இதே வேலையை நிலை அட்டவணையாக எழுதினால் இப்படி வரும்:

நிலை 10, காத்திருப்பு: மேல்தொட்டி குறைந்து, சம்ப்பில் தண்ணீர் இருந்தால் 20க்குப் போ.
நிலை 20, பம்ப் தேர்வு: பழுதில்லாதவற்றில் ஓட்ட நேரம் குறைந்ததை எடு, 30க்குப் போ. ஒன்றும் கிடைக்காவிட்டால் 90க்கு.
நிலை 30, தொடக்கம்: ஆணை கொடு. கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட் 5 விநாடிக்குள் பதில் தந்தால் 40க்கு. தராவிட்டால் அந்தப் பம்பைப் பழுது என்று குறித்து 20க்குத் திரும்பு.
நிலை 40, ஓட்டம்: நிரம்பினால் 10க்கு. மட்டம் மேலும் இறங்கினால், ஜெனரேட்டரில் இல்லாவிட்டால், 50க்கு. ஓடும் பம்ப் ட்ரிப் ஆனால் பழுது குறித்து 20க்கு.
நிலை 50, இரண்டாவது பம்ப்: மட்டம் தேறினால் இரண்டாவதை நிறுத்தி 40க்கு. இரண்டில் எது ட்ரிப் ஆனாலும் பழுது குறித்து 20க்கு.
நிலை 90, பழுது: ரீசெட் அழுத்தும் வரை இங்கேயே இரு.

இவற்றுக்கு மேலே இரண்டே வரி: நிலை எதுவானாலும் சம்ப் வறண்டால் 10க்குப் போ. நிலை எதுவானாலும் மின்சாரம் போய் வந்தாலோ ஜெனரேட்டருக்கு மாறினாலோ 10க்குப் போய் 30 விநாடி காத்திரு.

இரவுச் சத்தப் புகார் வரும்போது என்ன மாற்ற வேண்டும்? நிலை 40இல் 50க்குப் போகும் நிபந்தனையோடு நேரத்தைச் சேர்க்க வேண்டும். 11 மணி அடிக்கும்போது இரண்டு பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் 40க்குத் திரும்ப நிலை 50இல் ஒரு நிபந்தனை. அவ்வளவுதான். லேடரில் என்றால் இரண்டாவது பம்பைக் கிளப்பும் ரங்குகளை எல்லாம் தேடிப் போக வேண்டும்.

*குறிப்பு:* நிலைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்காதீர்கள். 10, 20, 30 என்று கொடுத்தால் நடுவில் 25 செருக இடம் இருக்கும். செருக வேண்டி வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் லேடரை மாற்றும் வரிசை

புது வேலையாக இருந்தால் அட்டவணையிலிருந்து நேராக எழுதிவிடலாம். ஏற்கெனவே வேறொருவர் எழுதி, பலர் கைவைத்த லேடர் உங்களிடம் வந்தால் இந்த வரிசையில் போங்கள். படிகளை மாற்றிச் செய்யாதீர்கள்.

1. பிஎல்சியில் இருப்பதை அப்லோடு செய்து பத்திரப்படுத்துங்கள். அவர்கள் பென் டிரைவில் கொடுக்கும் கோப்பை நம்ப வேண்டாம். பிஎல்சிக்குள் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல சமயம் ஒத்துப்போகாது. அப்லோடில் கருத்துரைகள் வராத மாடல்களும் உண்டு. அப்போது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.
2. டைமர், கவுன்டர், செட்பாயின்ட் மதிப்புகளைத் தாளில் குறியுங்கள். ஓட்ட நேரக் கணக்கையும் குறியுங்கள். டவுன்லோடு செய்யும்போது அழிந்துபோகக்கூடும்.
3. கிராஸ் ரெஃபரன்ஸ் எடுத்து, ஒரே அவுட்புட் காயில் இரண்டு ரங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்கேனில் கடைசியாக வரும் ரங்தான் வெல்லும். முதல் ரங் எழுதியது வீண். இது தெரியாமல்தான் பாதிப் பழுதுகள் "எப்பவாவது வருது" என்ற பெயரில் உலவுகின்றன.
4. பம்ப் அறை ஆபரேட்டரோடு உட்காருங்கள். செயலாளரோடு அல்ல. உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் ஆபரேட்டர். அவர் சொல்வதை நிலை அட்டவணையாக எழுதி, படித்துக் காட்டி, பிறகு செயலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.
5. நிரலை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதி, லேடரில்: இன்புட்டுகளைச் சரிபார்த்துப் பெயருள்ள பிட்டுகளாக மாற்றுவது. இரண்டாவது, எழுத்தில்: மேலே பார்த்த நிலை ஓட்டம், இது "பம்ப் 1 ஓடலாம்" என்று கோரிக்கை மட்டும் வைக்கும். மூன்றாவது, மறுபடி லேடரில்: அந்தக் கோரிக்கையோடு ஓவர்லோட், பேஸ் ஃபெயிலியர், ஆட்டோ-மேனுவல் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து உண்மையான அவுட்புட்டை எழுதுவது. ஒரு அவுட்புட்டுக்கு ஒரே ரங்.
6. சிமுலேட்டரில் ஓட்டுங்கள். கோடிசிஸில் சிமுலேஷன் உள்ளேயே இருக்கிறது. பழகுவதற்கு ஓபன்பிஎல்சி இலவசம். அட்டவணையின் ஒவ்வொரு அம்புக்குறியையும் ஒரு தடவையாவது நடத்திப் பாருங்கள். முக்கியமாகப் பழுது நிலைக்குப் போகும் அம்புகளை.
7. சைட்டில் முதலில் பவர் எம்சிசிபி ஆஃப், கன்ட்ரோல் சப்ளை மட்டும் ஆன். கான்டாக்டர்கள் சரியான வரிசையில் இழுக்கின்றனவா என்று காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.
8. ஒரு பம்புக்கு மட்டும் பவர் கொடுங்கள். வேலை செய்தால் அடுத்தது.
9. பழைய நிரலைத் திரும்ப ஏற்றுவதற்கான கோப்பும் கேபிளும் கையில் இல்லாமல் 7, 8ஆம் படிகளைத் தொடங்காதீர்கள். மே மாதத்தில் 400 வீட்டுக்குத் தண்ணீர் இல்லையென்றால் உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது என்று யாரும் பாராட்டமாட்டார்கள்.

லேடரையும் ஃபங்ஷன் பிளாக் படத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அதைப் பார்த்து எழுத்துக்கும் அப்படியே மாற்றிவிடலாம் என்று நினைத்து அட்டவணைப் படியைத் தவிர்க்காதீர்கள். ரங்கை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் அதே குழப்பம் எழுத்தில் கிடைக்கும், அவ்வளவுதான்.

எழுத்துக்கு மாறியதும் வரும் தவறுகள்

லேடரில் பழகிய கை எழுத்தில் செய்யும் தவறுகள் தனி ரகம்.

டைமரை நிலைக்குள்ளேயே அழைப்பது முதல் தவறு. நிலை 30க்குள் 5 விநாடி டைமரை வைத்தீர்கள்; நிலை 40க்குப் போனதும் அந்த வரி ஓடவே ஓடாது, டைமர் ரீசெட் ஆகாது. அடுத்த தடவை 30க்கு வரும்போது பழைய நேரத்தோடு நிற்கும். பம்ப் கிளம்பும் முன்பே பழுது என்று குறித்துவிடும். எல்லா டைமர்களையும் நிலை ஓட்டத்துக்கு வெளியே, ஒவ்வொரு ஸ்கேனிலும் ஓடும்படி அழையுங்கள். நிலைக்குள் அதன் தொடக்க பிட்டை மட்டும் தொடுங்கள்.

காத்திருப்பதற்காக வைல் சுழற்சி போடுவது அடுத்தது. பிஎல்சி ஒரு ஸ்கேனை முடித்தால்தான் இன்புட்டை மறுபடி படிக்கும். சுழற்சிக்குள் உட்கார்ந்து இன்புட்டுக்காகக் காத்திருந்தால் அது மாறவே மாறாது; வாட்ச்டாக் நேரம் தாண்டி பிஎல்சி நின்றுவிடும். எண்ணிக்கை தெரிந்த ஃபார் சுழற்சி மட்டும் போடுங்கள்.

நிலை எண்ணைப் பல இடங்களில் எழுதுவது, நிலை எண்ணை ரிட்டென்டிவ் நினைவகத்தில் வைப்பது இரண்டும் கூடாது. பின்னது ஆபத்தானது. கரன்ட் போய் வந்ததும் நிரல் "நான் ஓட்டத்தில் இருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு பம்பைக் கிளப்பும். அறைக்குள் யாராவது கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். ஓட்ட நேரக் கணக்கை மட்டும் ரிட்டென்டிவாக வையுங்கள்.

பாதுகாப்பு: நிரலுக்குள் வரக் கூடாதவை

- அவசர நிறுத்தப் பொத்தான் கான்டாக்டர் காயில் சப்ளையை வயரிங்கிலேயே துண்டிக்க வேண்டும். பிஎல்சிக்கு அதன் ஒரு கான்டாக்ட் தகவலுக்காக மட்டும் போகட்டும். லேடரோ எழுத்தோ, எந்த நிரலையும் நம்பி ஆளை இயந்திரத்துக்குள் அனுப்பாதீர்கள்.
- ஓவர்லோட் ரிலேயின் கான்டாக்டும் அப்படியே: காயிலோடு தொடராக.
- சம்ப் வறண்டதைச் சொல்லும் ஃப்ளோட்டை, வயர் அறுந்தால் "வறண்டது" என்று காட்டும்படி இணையுங்கள். மாற்றிப் போட்டால், எலி வயரைக் கடித்த அன்று பம்ப் வறண்டு ஓடிக் கருகும்.
- தீயணைப்புப் பம்பு தனிப் பேனலில், தனி சப்ளையில் இருக்கும். யார் கேட்டாலும் அதை இந்த பிஎல்சிக்குள் கொண்டுவராதீர்கள்.
- ஓடும் இயந்திரத்தில் ஆன்லைன் எடிட் வேண்டாம். சோதனைக்காக ஃபோர்ஸ் செய்த பிட்டுகளை ஒரு தாளில் எழுதி, கிளம்பும் முன் ஒவ்வொன்றாக நீக்கி அடியுங்கள். லேப்டாப்பை மூடிவிட்டால் ஃபோர்ஸ் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பல பிஎல்சிகளில் அது அப்படியே நிற்கும்.
- வேலை நடக்கும் பம்பின் ஐசொலேட்டரைப் பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். தாளில் "வேலை நடக்கிறது" என்று எழுதி ஒட்டுவது பூட்டாகாது.

ஆய்வகத்தில் லேப்வியூ, சிமுலிங்க் வைத்திருப்பவர்களுக்கு

ஐஐடி, டிடியு மாணவராகவோ ஏதாவது சோதனைக்கூடத்தில் அளவீட்டு வேலை செய்பவராகவோ இருந்தால் உங்களுக்கு லேடரைவிட லேப்வியூதான் தலைவலி. 1986இல் மெக்கின்டோஷுக்காக வந்த இந்தக் கருவி, ஒரு கருவியிலிருந்து அளவு எடுத்து வரைபடம் போட இன்றும் அருமையானது. அரை மணியில் முடிந்துவிடும். சிக்கல் மூன்றாம் மாதம் தொடங்கும்.

முதல் சிக்கல், கேஸ் பெட்டி ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். 12 நிலை இருந்தால் 11 மறைந்திருக்கும். படம் என்பதன் பயனே அங்கே போய்விடுகிறது. இரண்டாவது, விஐ கோப்பு எழுத்துக் கோப்பு அல்ல. பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டில் போடலாம், ஆனால் என்ன மாறியது என்று கிட் காட்டாது. இருவர் ஒரே விஐயைத் திருத்தினால் வழக்கம்போல் ஒன்றிணைக்கவும் முடியாது. மூன்றாவது, புது பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

செய்ய வேண்டியவை:

1. ஒரு விஐயின் படம் ஒரே திரையில் அடங்க வேண்டும். உருட்ட வேண்டி வந்த அன்றே துணை விஐயாகப் பிரியுங்கள். "அப்புறம் சரி செய்யலாம்" என்றால் வயர்களே விடாது.
2. கிளஸ்டர் எல்லாவற்றையும் டைப்டெஃப் ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு உறுப்பைச் சேர்க்கும் நாளில் அதைப் பயன்படுத்தும் விஐகளை எல்லாம் கையால் திருத்த வேண்டி வரும்.
3. லோக்கல் வேரியபிளை வயருக்குப் பதிலாகப் போடாதீர்கள். இரண்டு சுழற்சிகள் ஒரே லோக்கலை எழுதினால் எது முந்தும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.
4. தொகுக்கப்பட்ட குறியீட்டை மூலக் கோப்பிலிருந்து பிரித்துவைக்கும் அமைப்பு 2010 பதிப்பிலிருந்து இருக்கிறது. திட்டத்தின் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தொடாத கோப்புகளும் மாறியதாகக் காட்டும்.
5. ஒரு விஐயை ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடக் கூடாது என்று குழுவில் எழுத்துபூர்வமாக விதி வையுங்கள். ஒப்பிடுவதற்கு லேப்வியூவோடு வரும் ஒப்பீட்டுக் கருவியையே பயன்படுத்துங்கள்.
6. கணக்கை, அதாவது வடிகட்டி, பொருத்தல், புள்ளியியல் ஆகியவற்றை, பைதானில் எழுதி அழையுங்கள். இருபடிச் சமன்பாட்டை வயரால் வரைவது வீண் வேலை.

சிமுலிங்க் கோப்பும் இப்படித்தான். எஸ்எல்எக்ஸ் என்பது உள்ளே எக்ஸ்எம்எல் வைத்துச் சுருக்கிய பொட்டலம். கிட்டின் ஒப்பீடு உதவாது, சிமுலிங்கின் சொந்த ஒப்பீடு உதவும். பின்னூட்டக் கோட்டில் தாமதமே இல்லாவிட்டால் அல்ஜீப்ரா வளையம் என்று எச்சரிக்கை வரும். அதை அடக்குவதற்காக மனம்போன இடத்தில் தாமதப் பெட்டியைச் செருகுவது பரவலான வழக்கம். கன்ட்ரோலர் கணக்கே அதில் மாறிப்போகும். உண்மையான கருவியில் எங்கே தாமதம் இருக்கிறதோ, உதாரணமாக சென்சார் படிக்கும் இடம், அங்கே மட்டும் செருகுங்கள்.

நொய்டா பக்கம் ஒரு பார்வை

படத்தை விட்டு எழுத்துக்குப் போவது அபசாரம் என்று நினைப்பவர்கள் யமுனையைத் தாண்டிப் பார்க்கலாம். சிப் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் கேடன்ஸ் நொய்டாவில் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவில் சிப் நிறுவனமான எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ். டிஜிட்டல் சிப் வடிவமைப்பு ஒரு காலத்தில் கேட் படம் வரைந்துதான் நடந்தது. கேட்டுகளின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டியதும் அந்தத் தொழிலே வெரிலாக், விஎச்டிஎல் என்ற எழுத்துக்கு நகர்ந்துவிட்டது. விஎச்டிஎல் 1987இலும் வெரிலாக் 1995இலும் ஐஇஇஇ தரநிலையாயின. சைலிங்ஸின் பழைய ஐஎஸ்இ மென்பொருளில் கேட் படம் வரையும் பகுதி இருந்தது. 2012இல் வந்த விவாடோவில் அதை விட்டுவிட்டார்கள். பெரிய ஐபி பெட்டிகளை இணைப்பதற்கு மட்டும் படம் இருக்கிறது.

நீங்கள் எஃப்பிஜிஏ பழகுகிறீர்கள் என்றால் ஒரே ஒரு யோசனை: அந்தப் பெட்டிப் படத்தை அப்படியே பாதுகாக்காதீர்கள். அதை மறுபடி உருவாக்கும் டிசிஎல் ஸ்கிரிப்டாக விவாடோவிலிருந்து ஏற்றுமதி செய்து, அதைக் கிட்டில் வையுங்கள். மாற்றம் வரிவரியாகத் தெரியும்.

லேடரை விடவே கூடாத இடம்

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிட வேண்டாம். இரவு 2 மணிக்குப் பம்ப் நின்றால் அங்கே வருபவர் பூசா ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவராக இருப்பார். லேப்டாப்பில் லேடரைத் திறந்தால், பச்சையாக ஒளிரும் கான்டாக்டுகளைப் பின்தொடர்ந்து எந்த ஃப்ளோட் தடுக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். அதே இடத்தில் எழுத்து நிரலைத் திறந்தால் உங்களுக்குத்தான் போன் வரும். இன்டர்லாக்குகளை லேடரில் விடச் சொன்னது இதற்காகத்தான்.

எழுத்துப் பகுதி அவருக்குத் தெரியவேண்டியதில்லை, ஆனால் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியவேண்டும். எச்எம்ஐ இருந்தால் நிலை எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். எச்எம்ஐ இல்லாத சின்னப் பேனலானால் காத்திருப்பு, ஓட்டம், பழுது மூன்றுக்கும் தனித்தனி விளக்கு வையுங்கள். கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான், பகீரத் பேலஸில் இன்னும் குறைவாகக் கிடைக்கும்.

ஒப்படைக்கும் நாளில் நிரல் கோப்பின் இரண்டு நகல், செட்பாயின்ட் பட்டியல், கையெழுத்திட்ட நிலை அட்டவணை மூன்றையும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அட்டவணையை இந்தியிலும் எழுதி, லேமினேட் செய்து, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை நிரலை மாற்றும்போது அந்தத் தாளையும் மாற்ற மறக்காதீர்கள். நிரலோடு ஒத்துப்போகாத அட்டவணை, அட்டவணையே இல்லாததைவிட மோசம்.